உயரமான பனிப் போஸ்டில் முதல் குளிர்காலம்: அன்றாடம் எப்படி?

முதல்_பனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சமவெளி முகாமிலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு ராணுவப் பனிப் போஸ்டுக்கு, அதாவது காவல் முகாமுக்குப் போகிறேன். குளிர்காலம் முழுக்க அங்கேதான். பாதை பனியில் மூடிவிட்டால் இடையில் நினைத்தபடி இறங்க முடியாது.

ஆயுதம், ரோந்து, எதிரி பற்றியெல்லாம் இங்கே கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. எனக்கு வேண்டியது அன்றாட விஷயங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை எதை எப்படிச் செய்வது, எது எங்கே கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும். கையேட்டில் 'பாதங்களை உலர்வாக வைத்திருக்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது. எப்படி என்றுதான் இல்லை. மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும் சின்ன அறையில் எட்டுப் பேர் தூங்குவோம். இரவில் இரண்டு மணி நேர சென்ட்ரி, அதாவது காவல் நிற்கும் வேலை. வீட்டுக்குப் பேச வாரம் ஒரு முறை சாட்டிலைட் போன், அதுவும் சில நிமிடம்தான். தலைவலி வந்தால் அது உயரத்தாலா, வேறெதனாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் தெரிய வேண்டும்.

'தைரியமா போயிட்டு வா தம்பி' வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன. அது தவிர எதுவானாலும் சொல்லுங்கள்.


கள_உதவி எழுதியது:

தலைவலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் வாரத்தில் மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஒரு மூச்சில் உள்ளே போகும் அளவுதான் குறைகிறது. முதலில் உடம்பு மூச்சை வேகப்படுத்தி ஈடுகட்டும். அதனால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறும், சிறுநீரகம் சில நாளில் அதைச் சரிசெய்யும். சிவப்பணுக்கள் அதிகரிக்க வாரக்கணக்கில் ஆகும். எந்த உடற்பயிற்சியும் இதை முன்கூட்டியே முடித்துத் தராது. நல்ல ஓட்டக்காரர்கள் மேலே போய்ப் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்: அவர்களால் வேகமாக ஏற முடிகிறது, ஏறிவிடுகிறார்கள்.

3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் அதே இடத்தில் தங்க வேண்டும். இந்தியத் தரைப்படை இதை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறது: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நான்கு நாள். முதல் கட்டத்தின் முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும். இதற்குப் பின்னால் 1962 இந்திய-சீனப் போரின் அனுபவம் இருக்கிறது. சமவெளியிலிருந்து அவசரமாக மேலே ஏற்றப்பட்ட வீரர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-ல் வெளியிட்ட ஆய்வை உலகம் முழுக்க இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் படையின் அட்டவணை வேறாக இருக்கலாம். எதுவானாலும் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று ஒரு நாளைக்கூட வெட்டாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, பசியின்மை, லேசான குமட்டல், தூக்கக் குறைவு ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவை. அதே உயரத்தில் ஓய்வு, தண்ணீர், பாராசிட்டமால் போதும். ஓரிரு நாளில் குறைய வேண்டும். குறையாதவரை ஏறக் கூடாது. உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை 125 மில்லிகிராம் காலை, இரவு என்று ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்டால் விரல் நுனியில் குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும், உதடு நீலமாகும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாவது இரவிலிருந்து நான்காவது இரவுக்குள் வரும். இன்னொன்று மூளை வீக்கம். ஆளை நேர்க்கோட்டில் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள்; தள்ளாடினால் அதுதான். கையுறை போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது, யாரோடும் சேராமல் சுருண்டு படுப்பது எல்லாம் அதன் முகங்கள். இரண்டுக்கும் உடனே இறக்க வேண்டும், 300 முதல் 1,000 மீட்டர் வரை. இறக்க வழியில்லையென்றால் ஆக்சிஜன், அழுத்தப் பை (ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் பை), மருந்து எல்லாம் இறக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். 'தூங்கட்டும், காலையில் பார்க்கலாம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர் பத்து வினாடி மூச்சே விடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஆழமாக இழுப்பார். அந்த உயரத்தில் அது சகஜம். அதற்காகத் தூக்க மாத்திரை கேட்காதீர்கள், பல தூக்க மாத்திரைகள் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.


காலாள் எழுதியது:

கையேட்டில் ஒரு வரி என்கிறீர்கள். மீதி வரிகளை நான் சொல்கிறேன்.

பூட்ஸை மாலையில் அளவு பாருங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அது. போஸ்டில் போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். கதகதப்புக்காக மூன்றாவது சாக்ஸைத் திணிப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. அழுத்தத்தில் ரத்தம் போகாது, சாக்ஸுக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் நசுங்கிவிடும். குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். கயிற்றையும் கணுக்காலுக்குக் கீழே தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் கட்டுங்கள்.

சாக்ஸ் குறைந்தது நான்கு ஜோடி. காலில் ஒன்று, காய்வதற்கு ஒன்று, பையில் உலர்ந்தது ஒன்று, தூங்குவதற்கு மட்டும் ஒன்று. அந்தத் தூக்க ஜோடியோடு ஒருநாளும் வெளியே கால் வைக்காதீர்கள். பருத்தி கூடவே கூடாது. கம்பளி அல்லது கம்பளி கலந்த செயற்கை இழை. ஈர சாக்ஸை ஹீட்டர்மேல் போட்டால் கருகும், இல்லையென்றால் எரியும். நன்றாகப் பிழிந்து, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூட்டிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பூட்ஸின் உள்ளுறையையும் அடி அட்டையையும் தினமும் இரவு உருவி எடுக்க வேண்டும். அட்டைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் வியர்வை உறைந்து வெள்ளையாகப் படிந்திருக்கும், அதைத் தட்டிவிடாமல் மறுநாள் போட்டால் ஐஸ்கட்டிமேல் நிற்பதற்குச் சமம். உள்ளுறையைத் தூங்கும் பையின் கால்மாட்டில் வையுங்கள். பூட்ஸை நெருப்பருகே காயவைத்தால் பசை விடும், தோல் வெடிக்கும்.

பிரச்சினை தொடங்கும் இடம் பெரும்பாலும் நடைதான், நிற்பது அல்ல. சென்ட்ரி மேடைக்கு ஏறும்போது வியர்த்துவிடும். பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் அந்த வியர்வை முழுக்கக் குளிராக மாறும். எனவே கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். ஜாக்கெட்டைத் திறந்து, மெதுவாக ஏறி, மேலே போனதும் மூடுங்கள். ஏற்றம் நீளமானால் மேலே போய் சாக்ஸை மாற்றுங்கள். சோம்பேறித்தனம் வரும். மாற்றுங்கள்.

தினமும் ஒரு முறை இருவர் இருவராகக் கால் பார்க்க வேண்டும். தன் காலைத் தானே பார்ப்பது போதாது. குதிகாலும் விரலிடுக்கும் தெரியாது, தெரிந்தாலும் 'ஒண்ணுமில்லை' என்று மூடிவிடுவோம். வெளுத்து மெழுகுபோல் இருக்கிறதா, சுருக்கம் விழுந்து ஊறியிருக்கிறதா, கொப்புளம் உண்டா என்று பாருங்கள். காற்றாடப் பத்து நிமிடம் விட்டு, பவுடரை மெலிதாகப் போடுங்கள். அள்ளிக் கொட்டினால் கட்டிகட்டியாகி அதுவே உராயும். நகத்தை நேராக வெட்டுங்கள்.

உறைபனி இல்லாமலே கால் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூஜ்யத்துக்கும் 15 டிகிரிக்கும் நடுவில், ஈரத்தில், மணிக்கணக்காக இருந்தாலே நரம்பு பாதிக்கப்படும். முதல் உலகப் போரில், 1914 குளிர்காலத்தில் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் விழுந்தார்கள். அதன் பிறகுதான் கால் பரிசோதனை அதிகாரியின் கடமை ஆனது. 1982 ஃபாக்லாந்து போரிலும் அதே கதை. மரத்துப்போகும், சூடானதும் சிவந்து வீங்கி எரியும், வருடக்கணக்கில் குளிர் தாங்காது.

உறைந்தால்: முதலில் வலி, பிறகு வலி நின்றுபோகும். நின்றதும் நிம்மதி வேண்டாம், உடனே பாருங்கள். தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பதெல்லாம் பழைய கொடுமை. மேலோட்டமாக இருந்தால் தோழரின் வயிற்றில் பாதத்தை வைத்துச் சூடாக்கலாம். ஆழமாக இருந்தால் 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெந்நீரில் சுமார் அரை மணி நேரம். சூட்டை வேறொருவர் பார்க்க வேண்டும், அடிபட்டவருக்குச் சூடு தெரியாது. மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே கூடாது. உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு.

சாக்ஸுக்குள் பிளாஸ்டிக் பை போடும் பழக்கத்தைச் சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். வேண்டாம்.


வடகாற்று எழுதியது:

காலாள் சொன்னதில் கடைசி வரியோடு மட்டும் உடன்பாடில்லை. மைனஸ் இருபதுக்குக் கீழே, வறண்ட குளிரில், மெல்லிய உள்சாக்ஸுக்கும் தடித்த சாக்ஸுக்கும் நடுவில் ஆவி புகாத உறை போடுவது வேலை செய்யும். வியர்வை உள்சாக்ஸோடு நின்றுவிடும், தடித்தது நனையாது. நிபந்தனை: திரும்பியதும் கழற்றி, துடைத்து, உலர்ந்ததைப் போட வேண்டும். அதோடு தூங்கினால் காலாள் சொன்ன மாதிரி ஈரத்திலேயே கால் கெடும். பூஜ்யத்தை ஒட்டிய ஈரக் குளிரில் நானும் வேண்டாம் என்பேன்.

கைக்கு இரண்டு விஷயம். மெல்லிய உள்கையுறையை எந்த வேலைக்கும் கழற்றக் கூடாது; வெறுங்கை உலோகத்தில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். எரிபொருள் இன்னும் மோசம். மைனஸ் முப்பதிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும், கையில் சிந்தினால் அந்தக் குளிரோடு ஆவியாகவும் செய்வதால் நொடியில் தோல் உறைந்துவிடும். எரிபொருள் நிரப்ப ரப்பர் கையுறையைத் தனியாக வையுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போல. வெப்பமானியை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள்.


காலாள் எழுதியது:

மாலையில் தவறாமல் கழற்றும் ஒழுங்கு இருந்தால் சரி, ஒப்புக்கொள்கிறேன். புதிதாகப் போகிறவருக்கு அந்த ஒழுங்கு வர ஒரு மாதம் ஆகும், அதனால்தான் வேண்டாம் என்றேன்.


லாந்தர் எழுதியது:

எட்டுப் பேர், சின்ன அறை, மண்ணெண்ணெய். இந்தக் கேள்வியில் எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.

மண்ணெண்ணெய் முழுதாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லை, நிறமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். உயரத்தில் காற்று ஏற்கெனவே மெலிந்திருப்பதால் எரிதல் இன்னும் அரைகுறையாகும், உடம்பிலும் உபரி ஆக்சிஜன் கிடையாது. இதன் முதல் அறிகுறி தலைவலி, குமட்டல், தலைசுற்றல். அதாவது மலைநோயின் அதே பட்டியல். 'உயரம் ஒத்துக்கலை' என்று மாத்திரை போட்டுவிட்டு மறுபடி அதே அறையில் படுத்துவிடுவார்கள்.

பிரித்தறிய: ஒரே நேரத்தில் பலருக்கு வருகிறதா? வாரக்கணக்கில் பழகிவிட்டவருக்கும் வருகிறதா? வெளியே போனால் குறைந்து, உள்ளே வந்தால் கூடுகிறதா? எழுந்தவுடன் அதிகமா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் எல்லோரும் வெளியே, ஹீட்டர் அணைப்பு, பிறகு யோசனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். அது கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியது போலவே படிக்கும், எண் நன்றாகத்தான் காட்டும். மெழுகுவர்த்தி எரிகிறதே என்பதும் சோதனை ஆகாது; அது ஆக்சிஜன் இருப்பதைத்தான் சொல்லும். தரையோடு படுத்தால் தப்பலாம் என்பதும் தவறு. அந்த வாயுவின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்கக் கலந்துவிடும்.

செய்ய வேண்டியவை: கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, இரண்டும் முஷ்டி அளவாவது. குளிர்கிறது என்று யாராவது துணி திணிப்பார்கள், தினமும் பாருங்கள். புகைக்குழாயின் வெளிமுனை பனியில் அடைபடும். பனி கொட்டும் இரவில் ஒரு மணி நேரத்திலேயே. ஒவ்வொரு சென்ட்ரி மாற்றத்திலும் இறங்கி வருகிறவர் குழாயையும் திறப்புகளையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று விதி வையுங்கள். நீலச் சுடர் மஞ்சளாகிப் புகை கட்டினால் திரியை வெட்டிச் சரிசெய்யுங்கள், குழாயில் கரி தட்டுங்கள். எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கேனையே ஒதுக்குங்கள். தூங்கும்போது அணைத்துவிடுவதுதான் நல்லது. கட்டாயம் எரிய வேண்டுமென்றால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கை உயரத்தில் மாட்டுங்கள், அதன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும்.

தண்ணீரும் அடுப்பு சம்பந்தப்பட்டதுதான். வெறும் பாத்திரத்தில் பனியைப் போட்டு எரித்தால் அடி தீயும், தண்ணீரில் கருகல் வாடை வரும். அடியில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பனியைப் போடுங்கள். பத்து லிட்டர் புதுப் பனி ஒரு லிட்டர் தண்ணீர்கூட ஆகாமல் போகலாம், இறுகிய பனியைத் தோண்டினால் எரிபொருள் மிச்சம். பனி எடுக்கும் இடத்தைக் கொடி நட்டுக் குறியுங்கள். கழிவிடம் அதற்கு எதிர்ப்பக்கம், சரிவில் கீழே. 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். தானியமும் பயறும் பிரஷர் குக்கர் இல்லாமல் வேகாது. பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், வாய் அடைபடாது.

இரவில் வெளியே போகச் சோம்பி மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பார்கள். தலைவலிக்கு மூன்றாவது காரணம் அது. தூங்கும் பைக்குள்ளேயே ஒரு சிறுநீர்ப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் பாட்டிலோடு இருட்டில் குழம்பாதபடி வேறு வடிவத்தில்.


முதல்_பனி எழுதியது:

லாந்தர் அண்ணா, ஆக்சிமீட்டர் விஷயம் யாரும் சொன்னதில்லை, நன்றி. சென்ட்ரி பற்றியும் வீட்டுத் தொடர்பு பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் போன் வராவிட்டால் பதற்றம்தான்.


நடுச்சாமம் எழுதியது:

சென்ட்ரிக்கு இருபத்தைந்து முப்பது நிமிடம் முன்னால் எழுப்பச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் முன்னால் அல்ல. எழுந்தவுடன் மூளை மந்தமாக இருக்கும், தெளிய அவ்வளவு நேரம் பிடிக்கும். கண் இருட்டுக்குப் பழகவும் 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மங்கிய சிவப்பு விளக்கு மட்டும். ஒரு வெள்ளை டார்ச் அடித்தால் கணக்கு முதலிலிருந்து. தவிர்க்க முடியாதென்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

இருட்டில் நேராகப் பார்த்தால் பொருள் மறையும், சற்று ஓரமாகப் பார்த்தால் தெரியும். கண்ணின் நடுவில் இருட்டுக்கான செல்கள் இல்லை. தூரத்து ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது போலவும் இருக்கும். புதிதாக நிற்பவர்கள் இதில்தான் பதறுவார்கள். பகலிலேயே கண்ணுக்கு எதிரே ஒரு கம்பை நட்டு வையுங்கள்; இரவில் அந்தக் கம்போடு ஒப்பிட்டால் உண்மையாகவே நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு சூடு மிகக் குறைவாக இருக்கும் நேரம். தூக்கமும் குளிரும் சேர்ந்து தாக்கும். காபியில் உள்ள கஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும். முடித்ததும் தூங்கப் போகிறீர்கள் என்றால் டியூட்டி தொடக்கத்தில் குடியுங்கள், நடுவில் வேண்டாம். சுழற்சியைத் தினமும் மாற்றாமல் ஒரு வாரமாவது ஒருவருக்கு ஒரே நேரம் கொடுக்கும்படி கேளுங்கள், தூக்கம் ஓரளவு ஒரு இடத்தில் நிலைக்கும்.

நிற்கும் இடத்தில் பலகையோ ஃபோம் துண்டோ போடுங்கள். விரல்களை மடக்கி நீட்டுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, சில நிமிடத்துக்கு ஒரு முறை. பகல் சென்ட்ரியில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். மேகம் இருந்தாலும் தப்ப முடியாது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி வலி மாலையில்தான் வரும், அப்போது செய்ய ஒன்றுமில்லை. பக்கவாட்டில் மறைப்புள்ள கண்ணாடி, இன்னொன்று உபரியாக.


கம்பியில்லா எழுதியது:

வீட்டுத் தொடர்பு. பாதி வேலையைக் கிளம்புமுன் முடிக்க வேண்டும்.

முதலில் அழைப்பு வராத நாளுக்கான ஒப்பந்தம். 'ஞாயிறு எட்டு மணிக்குப் பேசுவேன்' என்று சொல்லவே சொல்லாதீர்கள். 'ஞாயிறிலிருந்து புதனுக்குள் வரும், வராவிட்டால் அடுத்த வாரம்' என்று சொல்லுங்கள். வராததற்குக் காரணம் வானிலை, பேட்டரி, கருவிப் பழுது எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: யாருக்காவது அடிபட்டால், அவர் குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போகும்வரை மொத்தத் தொடர்பையும் மூடிவிடும் வழக்கம் பல ராணுவங்களில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையில் அதற்கு 'மினிமைஸ்' என்று பெயர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போன் நின்றால் வீட்டார் கலங்கிப்போய் ஒருவருக்கொருவர் வதந்தி பரப்புவார்கள். கெட்ட செய்தி போன் நிற்பதன் மூலம் வராது, அதிகாரபூர்வமாக வரும் என்று இப்போதே புரியவையுங்கள். அவசரத்துக்கு அவர்கள் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று யூனிட் எண்ணை எழுதிக் கொடுங்கள்.

வீட்டுப் பிரச்சினைகளில் எதைப் போனில் சொல்வது என்றும் பேசி வையுங்கள். நீங்கள் எதுவும் செய்ய முடியாத விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி லைன் கட் ஆனால் ஒரு வாரம் தூக்கம் போகும். முழுக்க மறைத்தாலும் நம்பிக்கை போகும். மருத்துவமனை, மரணம் போன்றவை யூனிட் வழியாக, நேரில் சொல்லக்கூடிய ஒருவர் வழியாக வருவது நல்லது. பில், பள்ளி, பழுது வகையறாவைக் கடிதத்தில் எழுதட்டும். வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரம், காப்பீட்டு வாரிசுப் பெயர், முக்கியத் தாள்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

சாட்டிலைட் போன் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக என்றால் சிக்னல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க வேண்டும். நீங்கள் பேசி, பதில் காதில் விழ அரை வினாடிக்கு மேல் ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீ சொல்லு' 'இல்ல நீங்க சொல்லுங்க' என்றே நேரம் போய்விடும். ஒரு வாக்கியம், பிறகு ஒரு இடைவெளி. பேசவேண்டிய மூன்று விஷயத்தை முன்பே தாளில் எழுதுங்கள், வீட்டிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள், பிறகு பெரியவர்கள்.

கடிதத்தில் உறையின்மேல் வரிசை எண் போடுங்கள். தபால் மொத்தமாக வரும், ஏழாவது நான்காவதுக்கு முன்னால் வரும். எண் இல்லாவிட்டால் பழைய சண்டைக்கு இன்று பதில் எழுதுவீர்கள். எழுத நேரமில்லாத வாரத்துக்கு ஒரு வரி போதும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை அச்சடித்த அட்டையே கொடுத்தது. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்' போன்ற வரிகளில் பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் கிழித்துவிடுவார்கள். வீட்டுக்கு அவ்வளவு தெரிந்தாலே போதுமாக இருந்தது.

எதைச் சொல்லக் கூடாது: இடம், எத்தனை பேர், மாற்றுப் படை வரும் தேதி. 'அடுத்த வெள்ளி கிளம்புறோம்' என்பதும் சேர்த்தி. போட்டோவின் பின்னணியில் மலைமுகடு தெரிந்தாலே இடம் தெரியும், ஃபைலுக்குள் இருப்பிடத் தகவல் வேறு இருக்கும். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், பாலைவன நடுவில் இருந்த முகாம்களின் சுற்றுப்பாதை அப்படியே ஒளிர்ந்தது. வீரர்கள் கையில் கட்டியிருந்த வாட்ச் செய்த வேலை. அப்படிப்பட்டதைக் கிளம்புமுன் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி: சாதாரண அல்கலைன் செல் உறைகுளிரில் பெரும்பகுதி சக்தியை இழக்கும், லித்தியம் செல் மைனஸ் 40 வரை தாங்கும். போனில் உள்ள லித்தியம் அயான் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள், உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். உடம்போடு வைத்துச் சூடாக்கிய பின் சார்ஜ். வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவரும் எந்தக் கருவியையும் வாசலிலேயே ஜிப் பையில் மூடுங்கள், நீர் பையின் வெளியே கோக்கும். தூங்கும் பைக்குள் உள்ளுறை, சாக்ஸ், பேட்டரி, பாட்டில் எல்லாம் சேர்ந்து உங்களுக்கு இடமிருக்காது. பழகிவிடும்.


பென்சில் எழுதியது:

மனசைப் பற்றி யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாட்குறிப்பு எழுதுங்கள், பென்சிலில். பேனா மை உறையும். அன்று சாப்பிட்டது, தூங்கிய மணி நேரம், மனநிலைக்கு பத்தில் ஒரு எண், அவ்வளவே போதும். இடமும் பெயரும் வேண்டாம். தூக்கமும் எண்ணும் சேர்ந்து ஒரு வாரம் இறங்கினால் அது கண்ணுக்குத் தெரியும், மற்றபடி தெரியாது. உணர்வுகளைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால், தூக்கம் வராத இரவில் செய்து பாருங்கள், தினமும் தேவையில்லை.

தொடக்கம் கஷ்டமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பாதியைத் தாண்டிய பிறகு வரும் சரிவை எதிர்பார்க்க மாட்டார்கள். பெக்டெல், பெர்னிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் இதை 'மூன்றாம் காலாண்டு' நிலை என்று எழுதினார்கள். துருவ முகாம் போன்ற தனித்த இடங்களில் மொத்தக் காலம் எவ்வளவாக இருந்தாலும் பாதிக்குப் பிறகு மனம் இறங்குகிறது என்பது அவர்கள் வாதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் நான்காவது மாதத்துக்கென்று எதையாவது மிச்சம் வையுங்கள்: பிரிக்காத பார்சல், தொடங்காத புத்தகம்.

எட்டுப் பேரில் சண்டை பெரிய விஷயத்துக்கு வராது. மெல்லும் சத்தம், கதவைச் சாத்தாமல் போவது, பனி உருக்கும் முறை யாருடையது என்பதற்கு வரும். வேலைப் பட்டியலைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே போகும். படுக்கையைச் சுற்றி ஒரு துணித் திரை கட்டுங்கள், திரை மூடியிருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது என்று பேசி வையுங்கள். ஒருவர் கால் பார்க்க விடவில்லை, முகம் கழுவவில்லை, கடிதம் வந்தும் பிரிக்கவில்லை என்றால் கிண்டல் செய்யாமல் மேலதிகாரியிடம் தெரிவியுங்கள்.


கள_உதவி எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. நடுவில் லீவு கிடைத்துக் கீழே போய்வந்தால், 'ஏற்கெனவே பழகின உடம்பு' என்று நேராக மேலே ஏறிவிடாதீர்கள். பழக்கம் சில நாளிலேயே கரையத் தொடங்கும். மேலே மாதக்கணக்கில் இருந்தவர்களுக்கே திரும்பி ஏறும்போது நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. கீழே எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து அட்டவணை மாறும். கிளம்பிய தேதியையும் திரும்பிய தேதியையும் மருத்துவ உதவியாளரிடம் சரியாகச் சொல்லுங்கள். கீழே சளி, இருமல் பிடித்திருந்தால் அது முழுக்கப் போன பிறகுதான் ஏற்றம், லீவு முடிந்துவிட்டது என்பதற்காக அல்ல.